எந்த ஷூட்டர் கேம் அதிகமா திறமை கேட்குது? ராஜபாளையத்துல இருந்து ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வியை எந்த டிஸ்கார்ட் குரூப்ல போட்டாலும் பத்து நிமிஷத்துல ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பிளாக் பண்ணிடுவாங்க. பல பேர் சேர்ந்து ஆடுற ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் கேம்கள்ல, அதிகமா திறமை கேட்கிறது எது?

கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுறவன் வாலரண்ட்டைப் பார்த்து "அது கார்ட்டூன்"னு சொல்வான். வாலரண்ட் ஆடுறவன் பிஜிஎம்ஐயைப் பார்த்து "போன் கேம்"னு சொல்வான். பிஜிஎம்ஐ ஆடுறவன் ஃப்ரீ ஃபயரைப் பார்த்துச் சிரிப்பான். இவங்க எல்லாருக்கும் பின்னாடி, நாற்பதைத் தாண்டின ஒரு அண்ணன் உட்கார்ந்துக்கிட்டு "நீங்க எவனாச்சும் குவேக் ஆடியிருக்கீங்களாடா?"ன்னு கேட்பார்.

வெறும் வாய்ச்சண்டையா இருந்தா நான் இதை எபிசோடா எடுத்திருக்க மாட்டேன். எங்க வீட்டுல இதுக்குப் பின்னாடி எழுபதாயிரம் ரூபாய் இருக்கு. என் சித்தி பையன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கான், இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போன்ல பிஜிஎம்ஐ நல்லா ஆடுவான். காலேஜ்ல பிசி வச்சிருக்கிற பசங்க "நீ ஆடுறதெல்லாம் திறமையே இல்லடா"ன்னு சொல்லிச் சொல்லி, இப்ப அவனுக்கு கேமிங் பிசி வேணும். சித்தி மாசாமாசம் கட்டுற சீட்டு ஒண்ணு அடுத்து எடுக்கிற நிலையில இருக்கு. அதை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறான். சித்தி எனக்கு போன் பண்ணி, "நீதான கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே சொல்லுப்பா"ன்னுட்டாங்க. அவன் என்கிட்ட கேட்டது வேற: "அண்ணே, எந்த கேம்ல நேரம் போட்டா வீணாப் போகாது?"

சரி, முறையா பதில் தேடுவோம்.

முதல்ல, திறமைன்னா என்ன?

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. நம்ம ஊர்ல இதை கோர்ட் வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. குதிரைப் பந்தயம் சூதாட்டமா, திறமை விளையாட்டான்னு மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதிர்ஷ்டத்தைவிடத் திறமை மேலோங்கி இருந்தா அது திறமை விளையாட்டு, குதிரைப் பந்தயம் அந்த வகை, அப்படின்னு தீர்ப்பு. அப்புறம் ரம்மி ஆப் விளம்பரங்கள் எல்லாம் "இது திறமைக்கான விளையாட்டு"ன்னு கூவினது உங்களுக்கே தெரியும். 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டோட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லும், ஆனா ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுன்னு பட்டியல்ல வச்சது செல்லாதுன்னு சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம் அந்த வாதத்தையே ஓரம் கட்டிடுச்சு. காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேம்னா திறமையா இருந்தாலும் சரி, அதிர்ஷ்டமா இருந்தாலும் சரி, தடை. இ-ஸ்போர்ட்ஸ் தனி, அதுக்கு அங்கீகாரம்.

கோர்ட்டுக்கு "பாதிக்கு மேல திறமையா?"ன்னு தெரிஞ்சா போதும். நமக்கு அது போதாது. ஷூட்டர் கேம் எல்லாமே பாதிக்கு மேல திறமைதான். அதனால நான் மூணு கேள்வியா பிரிச்சுக்கிட்டேன்.

ஒண்ணு, நல்லா ஆடுறவன் சுமாரா ஆடுறவனை எத்தனை தடவை ஜெயிப்பான்? பத்துக்குப் பத்துன்னா அதிர்ஷ்டத்துக்கு அங்க இடமே இல்ல. ஆறுன்னா நிறைய இருக்கு.

ரெண்டு, தனித்தனியா எத்தனை விஷயம் கத்துக்கணும்? குறி, நடமாட்டம், எதிரி எங்க இருப்பான்ங்கிற கணிப்பு, டீமோட பேசுறது.

மூணு, தோத்த பிறகு "ஏன் தோத்தேன்"னு உன்னால சொல்ல முடியுதா? சொல்ல முடிஞ்சா அடுத்த தடவை திருத்தலாம். முடியலன்னா எத்தனை வருஷம் ஆடினாலும் அதே இடம்தான்.

குவேக்: ரெண்டே பேர், ஒளிய இடமில்ல

இந்த மூணு கேள்விக்கும், தனி ஆள் திறமைங்கிற கணக்குல, முதல் இடம் குவேக் டூயலுக்குத்தான். 1999 டிசம்பர்ல வந்த குவேக் 3 அரீனா, அதுக்கப்புறம் வந்த குவேக் லைவ். ஒரு மேப், ரெண்டு பேர், பத்து நிமிஷம்.

இதுல மூணு துப்பாக்கிக்கு மூணு வித குறி வேணும். ரெயில்கன் அழுத்தின நொடியே போய்ச் சேரும், அதனால சட்டுனு குறி வைக்கணும். லைட்னிங் கன் தொடர்ந்து பாயுற மின்சாரம் மாதிரி, எதிரி எப்படி ஆடினாலும் அவன் மேலேயே குறியை ஒட்டி வைக்கணும். ராக்கெட் மெதுவா போகும், அதனால அவன் இப்ப இருக்கிற இடத்துல சுடக் கூடாது, இன்னும் அரை நொடியில எங்க இருப்பானோ அங்க சுடணும்.

அடுத்தது நடமாட்டம். கோட் எழுதுறவனா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. குவேக்ல ஓடுற வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனா அந்த வரம்பை கேம் உன் மொத்த வேகத்துக்கு வைக்கல. நீ எந்தத் திசைக்குப் போகணும்னு கீ அழுத்துறியோ, அந்தத் திசையில உன் வேகம் எவ்வளவுன்னு மட்டும்தான் பார்க்குது. அதனால ஓடுற திசைக்குச் சற்றுச் சாய்வா கீயையும் மவுஸையும் திருப்பினா, "இந்தத் திசையில இவனுக்கு வேகம் கம்மியா இருக்கே"ன்னு கணக்குப் போட்டு கேம் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். தரையில நின்னா உராய்வு அதைத் தின்னுடும், அதனால குதிச்சுக்கிட்டே போகணும். இதுக்குப் பேர்தான் ஸ்ட்ரேஃப் ஜம்ப். மேனுவல் பார்த்து யாரும் கத்துக்கல. ஆடினவங்க கண்டுபிடிச்சாங்க, அப்புறம் அதுவே ஆட்டத்தோட அடிப்படை ஆயிடுச்சு.

இதோட நேரக் கணக்கு. ரெட் ஆர்மரை எடுத்தா 25 நொடியில திரும்ப வரும், மெகா ஹெல்த் 35 நொடி. சுட்டுக்கிட்டே, ஓடிக்கிட்டே, மனசுக்குள்ள ரெண்டு மூணு கடிகாரம் ஓடணும். எதிரியை மூணு நொடி முன்னாடியே போய்க் காத்திருந்து விரட்டினா அந்த ஆர்மர் உனக்கு. நேரம் தவறினா அவன் ரெட்டை பலத்தோட உன்னைத் துரத்துவான்.

தோத்தா பழி போட டீம்மேட் கிடையாது. 1997ல அமெரிக்காவுல நடந்த ஒரு குவேக் போட்டியில ஜெயிச்ச த்ரெஷ் என்கிற டென்னிஸ் ஃபாங்குக்கு, கேமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் கார்மாக் தன்னோட சொந்த ஃபெராரி 328 காரையே பரிசா கொடுத்தார். அந்த விளையாட்டுல முதலிடத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்துச்சு.

அப்ப குவேக்தான் பதில், எபிசோட் முடிஞ்சதா? இல்ல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக்: நிக்கத் தெரியணும்

நான் ராஜபாளையத்துல பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல எங்களுக்கு ஷூட்டர்னா ப்ரௌசிங் சென்டர்ல சிஎஸ் 1.6 தான். ஒரு மணி நேரத்துக்குக் காசு, பத்து சிஸ்டம் லேன்ல கோத்திருக்கும், எல்லாத்துலயும் டஸ்ட் டூ மேப். 2012ல மின்வெட்டு உச்சத்துல இருந்தப்ப, கரண்ட் எப்ப போகும்ங்கிறதையும் சேர்த்துத்தான் ரவுண்டு கணக்குப் போடணும். யூபிஎஸ் கத்த ஆரம்பிச்சா கடைசி ரவுண்டு.

அந்த விளையாட்டு 1999ல ரெண்டு பேர், மின் லீயும் ஜெஸ் கிளிஃபும், ஹாஃப் லைஃப் மேல கட்டின ஒரு மாட். வால்வ் கம்பெனி அதை 2000ல சொந்த வெளியீடா கொண்டு வந்தது. 2012ல குளோபல் அஃபென்சிவ், 2023 செப்டம்பர்ல கவுன்டர் ஸ்ட்ரைக் 2. கால் நூற்றாண்டு ஆகியும் அடிப்படை மாறல. ஒரு பக்கம் அஞ்சு பேர் குண்டு வைக்கணும், இன்னொரு பக்கம் அஞ்சு பேர் தடுக்கணும்.

குவேக்ல ஓடத் தெரியணும்னா, இதுல நிக்கத் தெரியணும். ஓடிக்கிட்டே சுட்டா குண்டு எங்கேயோ போகும். இடது பக்கம் ஓடுறப்ப, வலது கீயை ஒரு தட்டு தட்டி உடம்பை நிறுத்தி, அந்த நொடியில சுடணும். இதைக் கவுன்டர் ஸ்ட்ரேஃப்னு சொல்வாங்க. அடுத்து ஏகே-47. முப்பது குண்டு. அழுத்திப் பிடிச்சா முதல்ல மேல ஏறும், அப்புறம் பக்கவாட்டுல ஆடும். புது சிஎஸ்ல அந்தப் பாதை ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால மவுஸை அதுக்கு நேர் எதிரா இழுக்கக் கையைப் பழக்கலாம். வீணை கத்துக்கிற மாதிரிதான், மாசக் கணக்குல கை பழகணும்.

ஆனா சிஎஸ்ஸோட உண்மையான ஆழம் கையில இல்ல, காதுலயும் தலையிலயும் இருக்கு. காலடிச் சத்தம் கேட்கும். காசுக் கணக்கு இருக்கு. முதல் ரவுண்டுல ஆளுக்கு 800 டாலர்தான், தோத்தா என்ன கிடைக்கும், எதிரி டீம் இந்த ரவுண்டுல ரைஃபிள் வாங்க முடியுமா முடியாதான்னு கணக்குப் போடணும். குண்டு வச்சா வெடிக்க 40 நொடி. செயலிழக்க வைக்க 10 நொடி, கிட் இருந்தா 5. அதனால குண்டு வச்ச பிறகு ஆட்டம் மொத்தமும் கழித்தல் கணக்கா மாறிடும்.

டீம் வேலையை எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஈசியா சொல்லலாம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் இழுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க. ஆனா தேர் திரும்புறதும் நிக்கிறதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற சில பேர் கையிலதான் இருக்கு. வடம் பிடிக்கிறவங்களுக்குத் தெரு முனை தெரியாது. முட்டுக்கட்டை போடுறவரு ஒரு நொடி தாமதிச்சா தேர் வீட்டுச் சுவர்ல போய் நிக்கும். நல்ல சிஎஸ் டீம்ல ஸ்மோக் போடுறவன், ஃப்ளாஷ் போடுறவன் செய்ற வேலை அதுதான். கில் பட்டியல்ல அவன் பேரு கீழதான் இருக்கும்.

வாலரண்ட், சீஜ், ஏபெக்ஸ்

2020 ஜூன்ல வந்த வாலரண்ட், சிஎஸ்ஸோட எலும்புக்கூட்டை எடுத்து அது மேல ஏஜென்ட் திறன்களை வச்ச கேம். "குறி வேண்டாம், பட்டனைத் தட்டினா போதும்"னு கேலி பண்றது தப்பு. சுடுறப்ப நிக்கணும்ங்கிற விதி இங்கேயும் உண்டு. வித்தியாசம் எங்கேன்னா, நீளமா அழுத்திச் சுட்டா பக்கவாட்டு ஆட்டம் எப்பவும் ஒரே மாதிரி வராது. அதனால ஸ்ப்ரேயை மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா, முதல் ரெண்டு மூணு குண்டுல முடிக்கிறது முக்கியம். அதுக்குப் பதிலா தலைக்கு வேலை கூடுது. எதிரில இருக்கிற அஞ்சு ஏஜென்ட்டும் இப்ப எதைக் கையில வச்சிருக்கான், எதைச் செலவு பண்ணிட்டான்னு ஞாபகம் வைக்கணும்.

2015 டிசம்பர்ல வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் இன்னொரு பக்கம் இழுக்கும். அதுல சுவரை உடைக்கலாம், தரையில ஓட்டை போட்டு மேல இருந்து சுடலாம். டஸ்ட் டூல எதிரி வரக்கூடிய வழி விரல் விட்டு எண்ணலாம். சீஜ்ல எதிரி வழியை உருவாக்கிக்கிட்டு வருவான். குறியைவிட அறிவு அதிகமா கேட்கிற கேம் அது. முதல் நூறு மணி நேரம் எதுக்காகச் செத்தோம்னே தெரியாது. என் மூணாவது கேள்வியில அது மார்க் இழக்கும்.

2019ல வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்ல ஒருத்தனைச் சாய்க்க நிறைய குண்டு வேணும். அதனால குறியை அவன் மேலேயே ஒட்டி வைக்கிறது, சறுக்கி, ஏறி, சண்டையை விட்டுத் தப்பிக்கிறது எல்லாம் பேசும். குவேக்கோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம். ஆனா அது பேட்டில் ராயல். அங்க அதிர்ஷ்டம் உள்ள வருது.

பேட்டில் ராயலும் போனும்

பேட்டில் ராயல்ல நீ இறங்கின வீட்டுல துப்பாக்கி இருக்கா, வட்டம் உன் பக்கம் சுருங்குதா, ரெண்டு டீம் சண்டையில மூணாவது டீம் பின்னாடி வந்துடுச்சா. இது எல்லாம் உன் கையில இல்ல. ஒரே ஒரு மேட்சை வச்சுப் பார்த்தா, என் முதல் கேள்வியில பேட்டில் ராயல் தோக்கும்.

போட்டி நடத்துறவங்களுக்கு இது தெரியும். அதனாலதான் பிஜிஎம்ஐ டோர்னமென்ட்ல ஒரு மேட்சோட முடிக்க மாட்டாங்க. 16 டீம், 64 பேர், நிறைய மேட்ச், எந்த இடத்துல முடிச்சாங்கங்கிறதுக்கும் கில்லுக்கும் புள்ளி. ஒரு தடவை நாணயம் சுண்டினா எதுவும் தெரியாது, நூறு தடவை சுண்டினா நாணயம் கோணலா இல்லையான்னு தெரிஞ்சிடும். அதே கணக்கு.

பிஜிஎம்ஐயைப் பெரும்பாலானவங்க தோளுக்குப் பின்னாடி இருந்து பார்க்கிற மோடுலதான் ஆடுறாங்க, எஃப்பிபி மோடு தனியா இருக்குன்னு எனக்கும் தெரியும். கமென்ட் போட வேண்டாம். நம்ம ஊர்ல ஷூட்டர்னா இன்னைக்கு அதுதான், அதனால சேர்த்துக்கிறேன்.

போன்ல குறி வைக்கிறது சுலபம்னு நினைக்கிறவங்க ஒரு தடவை நாலு விரல் கிளா பிடிச்சு, கைரோ ஆன் பண்ணி ஆடிப் பாருங்க. போனையே லேசா சாய்ச்சு ரிக்காயிலைக் கட்டுப்படுத்தணும். அது மவுஸ் திறமை இல்லதான். ஆனா திறமையே இல்லன்னு சொல்லிட முடியாது. ஹார்மோனியம் வாசிக்கிறவர் புல்லாங்குழலைப் பார்த்து "இதுல கட்டையே இல்லையே"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

ஆனா போன் கேம்ல ஒரு வேறு ஆபத்து உண்டு. அதைத் தம்பிகிட்ட சொல்லியாகணும்னு நினைச்சேன். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலுக்குத் தடை. 2021 ஜூலையில பிஜிஎம்ஐயா திரும்ப வந்துச்சு. 2022 ஜூலையில மறுபடியும் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு. 2023 மே கடைசியில திரும்பி வந்துச்சு. நடுவுல 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயருக்கும் தடை. நீ மூணு வருஷம் கைப் பழக்கம் சேர்த்த கேம் ஒரு நாள் காலையில இல்லாமப் போகலாம்.

பிங்: ஊரோட வரி

இப்ப நம்ம ஊர் விஷயம். வாலரண்ட்டுக்கு இந்தியாவுல சர்வர் மும்பையில இருக்கு. ராஜபாளையத்துல இருந்து மும்பைக்கு வானத்துல நேர்க்கோடு போட்டாலே சுமார் 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 12 மில்லி செகண்ட். இதுக்குக் கீழ யாராலும் போக முடியாது, இது இயற்பியல். ஆனா கேபிள் நேர்க்கோட்டுல போறதில்ல, நடுவுல ரௌட்டர்கள் வேற. எங்க வீட்டு ஃபைபர்ல 45, 50 காட்டும். தம்பியோட மொபைல் டேட்டாவுல 60ல இருந்து திடீர்னு 150க்குத் தாவும். மும்பையில உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒற்றை இலக்கம்.

மனுஷன் கண்ணால பார்த்துக் கை அசைக்கவே 200 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். அப்ப 50 என்ன பெருசுன்னு கேட்கலாம். ரெண்டு பேரும் 200ல இருக்கும்போது 50 பெருசுதான். அதுவும் மூலையில ஒளிஞ்சு காத்திருக்கிறவனுக்கு இன்னும் மோசம். வெளியே எட்டிப் பார்க்கிறவன் உன்னைத் தன் திரையில முதல்ல பார்த்துடுவான். அவன் வந்த சேதி சர்வருக்குப் போய், உன் திரைக்கு வர்றதுக்குள்ள சுட்டிருப்பான். இதுக்கு பீக்கர்ஸ் அட்வான்டேஜ்னு பேரு. வாலரண்ட் சர்வர் நொடிக்கு 128 தடவை கணக்குப் போடுது, அதாவது ஏறத்தாழ 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. இப்படிச் செஞ்சும் இதைக் குறைக்கத்தான் முடியும், ஒழிக்க முடியாது.

எங்க ஊர்ல ஆடுறவன் இதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும். மூலையில காத்திருக்கிறதைக் குறைச்சு, தான் எட்டிப் பார்க்கிறவனா இருக்கணும். வயர் போடணும். 150 நிலையா இருந்தாகூட கை பழகிடும், 60க்கும் 150க்கும் நடுவுல தாவுற நெட்டுக்குப் பழக முடியாது.

எதிர்ல யார் நிக்கிறாங்க?

இப்ப குவேக்குக்குத் திரும்பி வரேன். கேமோட வடிவத்தை மட்டும் பார்த்தா அதுதான் உச்சம். ஆனா இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ராஜபாளையத்துல இருந்து குவேக் லைவ் திறந்தா, உனக்குச் சமமா ஆடுறவன் பக்கத்து சர்வர்ல கிடைக்க மாட்டான். ஐரோப்பாவுல இருபது வருஷமா ஆடுற ஒருத்தர் கிடைப்பார், பிங் 150ஐத் தாண்டும், நீ பூஜ்யத்துக்கு முப்பதுன்னு தோப்பே. அவருக்கும் சுவாரசியம் இல்ல, உனக்கும் எதுவும் புரியாது.

ஒரு கேம் எவ்வளவு திறமை கேட்குதுங்கிறதை கேமை எழுதினவங்க பாதிதான் முடிவு பண்றாங்க. மீதியை உனக்கு எதிர்ல நிக்கிறவன் முடிவு பண்றான். நம்ம ப்ரௌசிங் சென்டர்ல சிஎஸ் ரொம்பச் சின்ன விளையாட்டு. பத்து பேர்ல முதலிடம் வந்தா அதோட முடிஞ்சது. அதே சிஎஸ், உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் தினம் ஆடுறப்ப, அடி தெரியாத கிணறு. இருபத்தஞ்சு வருஷமா எல்லாரும் சேர்ந்து தோண்டியிருக்காங்க.

அதனால என் பதில் ரெண்டு வரி. தனி ஆளா, காகிதத்துல: குவேக் டூயல். இன்னைக்கு, எல்லாத் திறமையும் சேர்த்து, எதிராளியும் கிடைக்கிற மாதிரி: கவுன்டர் ஸ்ட்ரைக். அதுக்குக் கொஞ்சம் பின்னாடியே வாலரண்ட்.

தம்பிக்கு என்ன சொன்னேன்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்ரீவி போயிருந்தேன். பஸ்ல அரை மணி நேரம்தான். சித்தி பால்கோவாவைத் தட்டுல வச்சுட்டு, தீர்ப்பு கேட்கிற மாதிரி எதிர்ல உட்கார்ந்துட்டாங்க. நான் தீர்ப்பு சொல்லல, "வாடா, டெஸ்ட் பண்ணுவோம்"னேன்.

முதல்ல பிஜிஎம்ஐ, டிடிஎம், ஒண்டிக்கு ஒண்டி. அவன் போன் பழசு, என் போன் புதுசு. அஞ்சு ரவுண்டுல நாலு அவன் ஜெயிச்சான். "அண்ணே, உங்க போனைக் கொடுங்க, என்னதான் இருக்குன்னு பார்ப்போம்"னான். போனை மாத்திக்கிட்டோம். அடுத்த அஞ்சுலயும் நாலு அவன்தான். பத்துக்கு எட்டு. போன் மாறியும் முடிவு மாறலன்னா, ஜெயிக்கிறது போன் இல்ல. காலேஜ்ல அவனைக் கேலி பண்ற பசங்களுக்கு நேரடி பதில் அது.

அப்புறம் என் லேப்டாப்புல வாலரண்ட். ரெண்டுமே இலவசமா ஆரம்பிக்கலாம், சிஎஸ் 2வும் சரி, இதுவும் சரி. வாலரண்ட் எடுத்ததுக்குக் காரணம், சாதாரண லேப்டாப்லயும் ஓடும். முதல் ஒரு மணி நேரம் அவன் மவுஸ் மேசையை விட்டே விழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு குண்டு படல. ஆனா எங்க நிக்கிறது, எப்ப பின்வாங்குறது, எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுங்கிறதுல அவன் புதுசா ஆடுறவன் மாதிரியே இல்ல. ரெண்டு தடவை எனக்கு முன்னாடி அவனே "அண்ணே, பின்னாடி வர்றான்"னு சொன்னான். கை புது கேமுக்கு வரல, தலை வந்துடுச்சு.

அவன்கிட்ட நான் சொன்னது இதுதான். "நீ சேர்த்தது வீண் இல்ல. ஆனா எழுபதாயிரம் கொடுத்தா வாங்குறது மவுஸ், மானிட்டர். மத்ததை நீ ஏற்கனவே வச்சிருக்க. என் பழைய லேப்டாப்பை எடுத்துக்கோ. ரெண்டு மாசம் ஆடு. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுது, ஏன் தோத்தேன்னு. 'லக் இல்ல', 'டீம் சரியில்ல' தவிர வேற காரணம் பத்துல ஏழு தடவை எழுத முடிஞ்சா, அப்புறம் பிசி பேசலாம். ப்ரோ ஆகப் போறேன்னு காலேஜை விடுறதைப் பத்தி மட்டும் பேசக் கூடாது. இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பர்ல மத்திய அரசு விளையாட்டு அமைச்சகத்துக்குக் கீழ கொண்டு வந்துட்டாங்க, உண்மைதான். ஆனா சம்பளம் தர்ற டீம்கள் எத்தனை, அதுல இடம் எத்தனைன்னு நீயே எண்ணிப் பாரு."

சித்தி கேட்டாங்க, "அப்ப சீட்டை எடுக்கவா வேண்டாமா?" இப்போதைக்கு வேண்டாம்னு தம்பியே சொன்னான். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்துச்சு. பழைய லேப்டாப் பையைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டான்.

நேத்து அவன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினான். மொத்தம் இருபத்தொண்ணு தோல்வி. ஒன்பதாவது வரி: "ஓடிக்கிட்டே சுட்டேன்." பத்தாவது: "மறுபடியும் ஓடிக்கிட்டே சுட்டேன்." பதினாலாவது வரியில: "நின்னேன். ஆனா தலைக்குப் பதிலா தரையில குறி." பதினெட்டாவது: "அக்கா கூப்பிட்டாங்க." அதைக் கணக்குல சேர்க்கலாமான்னு கேட்டிருக்கான்.

உங்களுக்கும் அதே வேலைதான் தர்றேன். நீங்க ஆடுற கேம் எதுவா இருந்தாலும் சரி, இந்த வாரம் தோக்குற பத்து மேட்சுக்குக் காரணம் எழுதி, கேம் பேரோட அனுப்புங்க. எந்த கேம் ஆடுறவங்க தெளிவா எழுதுறாங்கன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம். குவேக் அண்ணன்மார்களும் அனுப்பலாம், எதிராளி கிடைச்சா. வரேன் மக்களே.